மாரடைப்புக்குப் பிறகு வீட்டுப் பெரியவரின் தளர்ச்சி: யாங்கோன் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெரியவர்களைப் பார்க்க நம் தமிழ் வீடுகளுக்குப் போய்வருகிறேன். என்னை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள், நர்ஸை மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஸ்டென்ட் வெச்சாச்சு, அடைப்பு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் அப்பாவால எழுந்து நிக்கவே முடியல?

ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை ரத்தக்குழாய்க்குள் வைத்து அடைப்பை எடுத்தது இதயத்துக்கான வைத்தியம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் கால்களுக்கு நடந்தது வேறு கதை. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு, பசியின்மை, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே இதயம் தேறிவரும் அதே நேரத்தில் உடம்பு தளர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்வதும், அப்பாவுக்கு முடியவில்லை என்று நீங்கள் சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

வயசானா தளர்றது சகஜம்தானே சயாமா? இதுக்கு வைத்தியம் வேறயா?

வயது கூடுவதும் தளர்ச்சியும் ஒன்றல்ல. 85 வயதில் தானே மார்க்கெட் போய்வருகிறவரும் உண்டு, 68 வயதில் நாற்காலியை விட்டு எழ முடியாதவரும் உண்டு. 2001-இலிருந்து மருத்துவர்கள் ஐந்து அறிகுறிகளை வைத்து இதைப் பார்க்கிறார்கள்: முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டில் நாலரை கிலோ அளவுக்கு எடை இறங்குவது, எதைச் செய்தாலும் களைத்துப்போவது, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நாளெல்லாம் அசையாமல் இருப்பது. மூன்று இருந்தால் தளர்ச்சி என்பார்கள். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

தளர்ச்சி உள்ளவருக்கு மாரடைப்புக்குப் பிறகு விழுவதும், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதிகம். தளர்ச்சியை ஓரளவு திருப்பவும் முடியும், அதனால்தான் இவ்வளவு பேச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. தரையில் 4 மீட்டர், அதாவது சுமார் 13 அடி அளந்து கோடு போடுங்கள். வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது. அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடியைத் தாண்டினாலோ, கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ கால் பலம் போதாது. இரண்டின்போதும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சாப்பாட்டு மேசை நாற்காலி உயரத்தில், சுவரோடு ஒட்டிய நாற்காலியில் செய்யுங்கள். டீக்கடைகளில் போடும் குட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூல் கூடவே கூடாது. அதிலிருந்து எழ எனக்கே ஒரு கை வேண்டும். முடிவைத் தேதியோடு எழுதி வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். டாக்டரிடம் 'முடியலைங்கிறார்' என்று சொல்வதைவிட 'போன மாசம் 14 விநாடி, இப்போ 19' என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஆறு வாரம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாதுன்னு எங்க பெரியம்மா சொல்றாங்களே?

பெரியம்மா காலத்தில் அதுதான் வைத்தியம், அவர் மேல் குற்றமில்லை. அன்று மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1952-இல் லெவைன், லவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைச் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் கெடுதல் இல்லை என்று எழுதினார்கள். இப்போது சிக்கல் இல்லாத நோயாளியை ஓரிரு நாளிலேயே நடக்கவைக்கிறார்கள்.

நம் வீடுகளில் நான் பார்ப்பது இன்னொன்று. தண்ணீர் எடுக்க எழுந்தாலே 'நீங்க உட்காருங்கப்பா' என்று மருமகள் ஓடிவருவார். வேட்டியைக் கட்டிவிட ஒருவர், சோறு ஊட்ட ஒருவர். எல்லாம் பாசம்தான். ஆனால் ஒரு மாதத்தில் அவர் தானாகச் செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய்விடும். குளிப்பது, உடுத்துவது, தட்டைக் கழுவுவது எல்லாம் அவருக்கு இப்போது உடற்பயிற்சி. நேரமானாலும் அவரே செய்யட்டும்.

சரி, எவ்வளவு நடக்கணும்? நடந்தா மட்டும் போதுமா?

வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. இப்படித் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு இடையில் அறுந்தால் வேகம் அதிகம். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

நடை மட்டும் போதாது. போன தசையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் கால்கள் பாரம் தூக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே நல்ல பாரம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம், வாரத்தில் மூன்று நாள் போதும். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பது, இவை தள்ளாட்டத்தைக் குறைக்கும். மூச்சை அடக்கி முக்கக் கூடாது.

இத்தாலியில் மாரடைப்பு வந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களில், நடையும் பலமும் குறைந்திருந்த 512 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு அதோடு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, ரத்த அழுத்தம் சர்க்கரை போன்றவற்றில் கூடுதல் கண்காணிப்பு. ஓராண்டு முடிவில், இதயநோயால் இறந்தவர்களும் திடீரென்று இதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர், மற்றதில் 13 பேர். 2025-இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 80-ஐ ஒட்டியது என்பதை, 'இந்த வயசுல எக்சர்சைஸா' என்று சிரிக்கும் மாமாக்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நாங்க இருக்கறது அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூணு மாசமா அம்மா கீழயே இறங்கல. என்ன செய்யறது?

யாங்கோன் நகரத்துக்குள் இருப்பவர்களின் முதல் பிரச்சினையே இதுதான். மேலே ஏற முடியாது என்ற பயத்தில் இறங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள், இறங்காததால் ஏற முடியாமலே போகிறது. வீட்டுக்குள் சமதரையில் 10 நிமிடம் சிரமமில்லாமல் நடக்க முடிந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் படிக்கட்டைத் தொடங்கலாம். முதலில் அரை மாடி இறங்கி ஏறுங்கள். அது சுலபமானால் ஒரு மாடி. ஏறும்போது பலமான காலை முதலில் வைக்கணும், இறங்கும்போது பலவீனமான காலை முதலில் வைக்கணும். கூட வருபவர் எப்போதும் ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

நடுவில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலி போட முடிந்தால் போடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். கிளிப் மாட்டிய கயிற்றைப் பால்கனியிலிருந்து கீழே விட்டுப் பேப்பரும் காய்கறியும் இழுத்துக்கொள்கிறோமே, அது இருக்கட்டும். படியில் போகும்போது கை வெறுமையாக இருப்பது நல்லது. ஆனால் எல்லாமே கயிற்றில் வருகிறது என்பதற்காக ஆள் இறங்காமலே இருக்கக் கூடாது. படிக்கட்டு பல்பு எரிகிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போகும் நேரத்தில் படியில் கால் வைக்க வேண்டாம். தரையைத் தொடும் லுங்கியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

பத்தியமா கஞ்சியும் ரசமும்தான் கொடுக்கறோம். இன்னும் மெலிஞ்சுக்கிட்டே போறாரே?

கஞ்சியால்தான் மெலிகிறார். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம். வெறும் கஞ்சியால் அங்கே போய்ச் சேரவே முடியாது.

வழி இப்படி: முட்டை இரண்டு, 12 கிராம். மீனோ கோழியோ சமைத்தது 100 கிராம், அதில் 20 கிராமுக்கு மேல். கெட்டிப் பருப்பு இரண்டு சின்னக் கிண்ணம், 15 கிராம். பாலோ தயிரோ ஒரு டம்ளர், 6 கிராம். மீதி சோற்றிலிருந்தே வந்துவிடும். சைவமாக இருப்பவர்கள் மீனுக்குப் பதில் சோயா, கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபு, சுண்டல் என்று கூட்டிக்கொள்ளலாம். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவருக்கு மீனை உதிர்த்து, முட்டையைக் கஞ்சியிலேயே கலக்கிக் கொடுக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முட்டையில் கொழுப்பு என்று பயப்படுகிறவர்களுக்கு: கொழுப்புக்கு மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு முட்டையை மறுப்பதால் இதயத்துக்கு லாபம் எதுவுமில்லை என்பது என் எண்ணம். பயப்பட வேண்டியது உப்புக்குத்தான். ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு, அதற்குள் இருக்க வேண்டும். நம் அடுப்பங்கரையில் உப்பு ஜாடியை ஒளித்துவிட்டு ஙப்பி (உப்பில் ஊறவைத்த மீன், இறால் விழுது), மீன் சாறு, கருவாடு, ஊறுகாய் நாலையும் பரிமாறினால் என்ன பயன்? அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) ஆசைப்பட்டால் வீட்டில் மீன் சாறு குறைத்துச் செய்து, முட்டை சேர்த்துக் கொடுங்கள். மீனும் கடலைமாவும் உள்ள உணவு, கெட்டதல்ல.

ரொம்ப சோர்வா இருக்கார். கிளினிக்ல ஒரு பாட்டில் சலைன் ஏத்திட்டா தெம்பு வந்துடாதா?

வராது. அரை லிட்டர் சாதாரண சலைனில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது. மேலே சொன்ன ஒரு நாள் அளவு கிட்டத்தட்ட முழுவதும் நேராக ரத்தத்தில் போகிறது. குளுக்கோஸ் பாட்டில் என்றால் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, ஒரு கிண்ணம் சோற்றுக்குக்கூட ஈடாகாது. மாரடைப்பில் இதயத்தின் தசை பலவீனமாகியிருந்தால் அந்தத் திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். வாந்தி, பேதியில் நீர் வற்றியவருக்கு டாக்டர் பார்த்து ஏற்றுவது வேறு.

சத்து ஊசிக்கும் டானிக்குக்கும் இதே பதில்தான். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

எடை குறையறது இதயத்துக்கு நல்லதுதானே?

குண்டாக இருக்கும் 50 வயதுக்காரருக்கு நல்லது. 75 வயதில், குறைக்க நினைக்காமலே குறைகிற எடையில் பெரும்பங்கு தசை. வாரம் ஒருமுறை காலையில், சிறுநீர் கழித்த பிறகு எடை பார்த்து எழுதுங்கள். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலை, என்று டாக்டர் சொல்லியிருந்தால் தினமும் பார்க்க வேண்டும்.

திடீரென்று ஏறினாலும் கவலைதான். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ, நம் கணக்கில் நாலரை பவுண்டு ஏறினால் அது சதை அல்ல, நீர். கணுக்கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எழுந்தா தலை சுத்துதுங்கறாங்க. பிரஷர் மாத்திரைய நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்: படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் காரணம். அந்த எண்களை எடுத்துப்போனால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது வேளையை மாற்றுவார். அதுவரை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நிற்கப் பழக்குங்கள். ஏப்ரலில் திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயத்து வெயிலில், கரண்டும் இல்லாமல், சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தலைச்சுற்றல் அதிகமாகும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் எக்காரணம் கொண்டும் தாமாக விடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரும். பல் பிடுங்க வேண்டுமென்றாலும் இதய டாக்டரைக் கேட்ட பிறகுதான். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரி.

மூட்டுவலிக்குக் கடையில் கலந்துகொடுக்கும் மாத்திரைப் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்து ஏதாவது இருக்கும். அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ராத்திரியில ஆளே மாறிப்போயிடறார். செத்துப்போன தம்பி வந்திருக்கான்ங்கறார். யாராவது ஏதாவது வெச்சுட்டாங்களா?

மந்திரிக்கப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ புத்தி தடுமாறுவது பெரியவர்களிடம் உடம்பு தரும் எச்சரிக்கை. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிய தூக்க மாத்திரை, சில சமயம் இன்னொரு மாரடைப்பே காரணமாக இருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பகலில் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பேசறதே இல்ல, டிவி கூடப் பாக்கறதில்ல. சோம்பேறித்தனமா?

இல்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. சாப்பிடாததும் நடக்காததும் பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

அம்மாவுக்கு 82. ஆஞ்சியோ வேணாம், மாத்திரையே போதும்னு அனுப்பிட்டாங்க. வயசாயிடுச்சுன்னு கைகழுவிட்டாங்களா?

ஆஞ்சியோ என்பது ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழல் விட்டு அடைப்பைப் பார்ப்பது. எந்த வகை மாரடைப்பு என்று கேளுங்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட வகையில், வயது எதுவானாலும் அடைப்பை வேகமாகத் திறக்கவே பார்ப்பார்கள். பகுதி அடைப்பு வகையில் நிலைமை வேறு. பிரிட்டனில் 75 வயதுக்கு மேற்பட்ட 1518 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வந்தது. அவர்களில் பலர் தளர்ந்தவர்கள். ஆஞ்சியோ வழியே போனவர்களுக்கும் மாத்திரையில் இருந்தவர்களுக்கும் இடையே இதய இறப்பு, மறு மாரடைப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. மறு மாரடைப்பு மட்டும் ஆஞ்சியோ செய்தவர்களிடம் சற்றுக் குறைவு.

எனவே மாத்திரை மட்டும் என்பது பல பெரியவர்களுக்கு நியாயமான சிகிச்சைதான். அப்படி அனுப்பப்பட்டவருக்கு நடை, புரதம், மாத்திரைக் கவனிப்பு இன்னும் முக்கியம்.

வர்ற திருவிழாவுல தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கிட்டார். விடலாமா?

இந்த வருடம் வேண்டாம். விரதம், நீர் குறைவான உடம்பு, கடும் வெயில், கூட்ட நெரிசல், இதோடு காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி என்றால் தீக்குழி மட்டுமல்ல, மத்தியானம் ஷ்வெடகோன் பகோடாவின் பளிங்குத் தரையே காலைப் பொசுக்கும். அவர் பெயரில் மகன் மிதிக்கட்டும், அவர் பந்தலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். பூசாரியிடம் கேட்டால் மாற்று நேர்த்தி சொல்லுவார். விரதம் இருந்தாலும் மாத்திரையும் தண்ணீரும் நிற்கக் கூடாது.

திரும்ப மாரடைப்பு வந்தா எப்படித் தெரியும்? போன தடவை நெஞ்சே வலிக்கலையே?

முதியவர்களிடம், அதுவும் சர்க்கரை உள்ளவர்களிடம், நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடையிலோ கையிலோ வலி, மயக்கம், காரணமில்லாத பெருங்களைப்பு, மேலே சொன்ன புத்தித் தடுமாற்றம் எல்லாம் அறிகுறிகள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருந்தால் உட்காரவைத்துக் கொடுங்கள், நின்றபடி வைத்தால் விழுந்துவிடுவார். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ்.

உங்கள் பேட்டையில் ஓடும் தொண்டு ஆம்புலன்ஸ் குழுவின் எண்ணைக் கதவிலேயே ஒட்டி வையுங்கள். ஐந்தாவது மாடியிலிருந்து ஆளைத் தூக்கி இறக்க வேண்டும் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள், ஆட்களோடு வருவார்கள். நெஞ்சுவலியோடு படி இறங்கி நடக்கவைக்காதீர்கள்.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு, முன்ன மாதிரி ஆகல. இன்னும் எவ்வளவு தூரம் வற்புறுத்தறது?

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நாற்காலிக் கணக்கு அசையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, இதயச் செயலிழப்பு, மாத்திரைகளின் பக்கவிளைவு. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். சிலவற்றை அவரே எடுத்துவிடுவார்.

காரணம் ஒன்றும் கிடைக்காமல், தளர்ச்சி முற்றிய நிலை என்றால், அவரிடமே கேளுங்கள்: உங்களுக்கு எதைச் செய்ய முடிந்தால் போதும்? ஒருவர் தானே கழிப்பறைக்குப் போய்வர வேண்டும் என்பார். இன்னொருவர் கீழே டீக்கடையில் உட்கார வேண்டும் என்பார். அந்த ஒன்றுக்குத் தேவையான பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். கழிப்பறை என்றால் குந்தி உட்காரும் பீடத்தின் மேல் ஓட்டை போட்ட நாற்காலி, சுவரில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு. டீக்கடை என்றால் நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.